விஜயரத்தினம் பொங்கலுக்குக் கார் கழுவிய படலம்

தலைவராக வருகிறவன் பஸ்ஸில் வந்து இறங்கக் கூடாது. லண்டன் குட்மேய்ஸ் விஜயரத்தினம் தன் ஐம்பத்தாறாவது வயதில் எடுத்த அசைக்க முடியாத முடிவு இது.

அவர் பட்ட பாடு அப்படி. பழைய மாணவர் சங்கத்தில் ஒன்பது வருடம் உபதலைவர். ஒன்பது வருடமும் தலைவருக்குப் பக்கத்துக் கதிரை. ஒன்பது வருடமும் நன்றியுரை. இவர் ஒலிவாங்கியைத் தொட்டதும் சனம் எழும்பிச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடும். வெறும் கதிரைகளுக்கு நன்றி சொல்லிச் சொல்லியே மனுசனுக்குத் தலை நரைத்துப் போனது. இந்த வருடம்தான் தை பிறக்கும் முன்னமே வழி பிறந்தது. பழைய தலைவர் முழங்கால் வருத்தம் என்று விலகிவிட்டார். பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால், பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில் மண்டபம் எடுத்து, அன்றைக்கே விழாவும் பொதுக்கூட்டமும் என்று முடிவாகியிருந்தது. பதினொரு மணிக்குத் தலைவர் தெரிவு.

போட்டி என்று சொல்ல ஒரே ஒரு ஆள், லெஸ்டரில் இருக்கிறவர். அவரை வெட்டத்தான் போன வருடமே விஜயரத்தினம் சங்கத்தின் யாப்பில், அதாவது சட்டப் புத்தகத்தில், தன் கையால் ஒரு வசனம் செருகி வைத்திருந்தார். "தலைவர் பதவிக்கு நிற்பவர் பதினொரு மணிக்கு மண்டபத்துக்குள் நேரில் இருத்தல் வேண்டும். தொலைபேசி, காணொளி செல்லாது." தை மாதக் குளிருக்குள் லெஸ்டரிலிருந்து விடியக் காலமை எந்த விசரன் வெளிக்கிடுவான் என்பது அவருடைய கணக்கு.

எல்லாம் பொருந்தி வந்தது. கார்தான் பொருந்தவில்லை. வீட்டில் கார் ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். மற்ற ஆள் அவருடைய மனைவி நகுலேஸ்வரி. அவவும் அதே பள்ளிக்கூடம்தான், கலவன் பாடசாலை, இவருக்கு மூன்று வகுப்புக் கீழே. சங்கத்தில் அவவும் அங்கத்தவர். ஆனால் ஒன்பது வருடமாக அவவுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே பொறுப்பு உழுந்து வடை.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அவ கேட்டா.

"இஞ்சருங்கோ, பொங்கலண்டைக்குக் கார் எனக்கு வேணும்."

"எங்க போக?"

"வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு. நேர்த்தி ஒண்டு கிடக்கு."

"என்ன நேர்த்தி?"

"சொன்னாப் பலிக்காது."

"எனக்கு அண்டைக்குக் கூட்டமெல்லே?"

"கூட்டம் பார்க்கிங்கிலதானே. இந்தா கிடக்கு. பஸ்ஸில போங்கோ. நான் எட்டு மணிக்கு வெளிக்கிட்டா, ஒரு மணிக்கு மண்டபத்துக்கு வந்து உங்களையும் ஏத்துவன்."

"தலைவராப் போறவன் பஸ்ஸில போறதோ?"

"ஏன், பஸ்ஸிலயும் முன்சீற் இருக்குத்தானே."

மனைவியோடு வாதாடலாம். தோற்கத்தான் போகிறோம், ஆனாலும் வாதாடலாம். அம்மனோடு எப்படி வாதாடுவது? நேர்த்திக்குக் குறுக்கே நின்றால் பாவம். அதுவும் கனக துர்க்கை. கையில் என்னென்ன வைத்திருக்கிறா என்று தெரியும்தானே.

சனிக்கிழமை மத்தியானம் ரிவியில் வானிலை சொன்ன பெட்டை வழி காட்டினாள். இன்றிரவு மைனஸ் ஆறு, எல்லோரும் கவனமாக இருங்கள் என்றாள். விஜயரத்தினம் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மறித்தால் பாவம். குளிர் மறித்தால் ஆருக்குப் பாவம்?

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். குளிர் என்றால் அந்தத் தெருவுக்கே விஜயரத்தினம்தான் அதிகாரி. லண்டனுக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் நோர்வேயின் வடக்குத் தொங்கலில் மீன் பக்டரியில் வேலை செய்தவர். இஞ்சை அடிக்கிறது குளிரோ, இதுக்கு நாங்கள் அங்க பெனியனோட நிண்டனாங்கள் என்பார். பனி கொட்டினால் அயலவர்கள் அவரிடம்தான் ஆலோசனை கேட்பார்கள். அங்கே அவரிடம் கார் இருந்ததே இல்லை, பக்டரி வான் வாசலில் வந்து ஏற்றிப் போகும் என்பதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது பதினெட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அவருடைய கார் இருபது வருடப் பழசு. தூரத்தில் நின்று அமத்தித் திறக்கிற ரிமோட் செத்து மூன்று வருடமாகிறது. முன்கதவு இரண்டிலும் சாவித்துவாரம், அதில் சாவியை விட்டுத் திருகினால்தான் திறக்கும். ஆக, துவாரத்துக்குள் தண்ணீர் போனால் விடிய ஐஸ். விடிய ஐஸ் என்றால் நகுலேஸ்வரி ரயிலில். அவ போனதும் ஐஸ் உருக்குகிற ஸ்பிறேயை இரண்டு தரம் அடித்தால் பூட்டு வழிக்கு வரும். பத்தரைக்குத் தலைவர் காரில். திட்டம் அவ்வளவுதான். இதைவிடச் சின்னத் திட்டத்தை வைத்துக்கொண்டு ஆட்கள் நாடு பிடித்திருக்கிறார்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு வாளி தண்ணீரும், மஞ்சளும், சாமி அறைச் செம்புமாக மனுசன் வாசலில் இறங்கினார். நகுலேஸ்வரி கதவைத் திறந்து பார்த்தா.

"என்னப்பா செய்யிறியள் இந்தக் குளிருக்குள்ள?"

"நாளைக்குப் பொங்கலெல்லே. வாகனத்தைக் கழுவி மஞ்சள் தண்ணி தெளிக்கிறது எங்கட பண்பாடு."

"போன வருசம் பண்பாடு எங்க போனது?"

"போன வருசம் நீர் கோயிலுக்குப் போகேல்ல. இந்த முறை அம்மன் வாசலுக்குப் போற கார். ஊத்தையோட விடலாமோ?"

அவ ஒரு நிமிடம் அவரையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு, "நல்லாக் கழுவுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா. விஜயரத்தினம் நல்லாத்தான் கழுவினார். காரின் கூரைக்கு அரைச் செம்பு. கண்ணாடிக்கு அரைச் செம்பு. சாவித்துவாரங்களுக்குத் தலா மூன்று செம்பு. குழந்தைக்கு மருந்து பருக்குகிற பக்குவத்தில், ஓட்டுநர் பக்கமும் மற்றப் பக்கமும், ஒரு சொட்டு வெளியில் சிந்தாமல் வார்த்தார். குசினி யன்னலில் லைற் எரிந்துகொண்டிருந்தது. மனுசி பயறு வறுக்கிறா என்று நினைத்துக்கொண்டார்.

கைகால் விறைத்துப் போய் உள்ளே வந்து, சுடுதண்ணீரில் நின்று தேவாரம் பாடிக் குளித்தார். அந்த நேரம் நகுலேஸ்வரி குப்பைப் பையோடு வெளியே போனா. திரும்பி வரக் கொஞ்சம் சுணங்கினது. அவர் மூன்றாவது தேவாரத்தில் நின்றதால் கவனிக்கவில்லை.

விடிந்தது. தெரு முழுக்க வெள்ளையாய் உறைபனி. குசினியில் பால் பொங்கி, புகைமணி ஒருதரம் அலறி, அதற்குத் துவாயால் விசிறி, பொங்கல் படைத்து முடிய ஏழே முக்கால். நகுலேஸ்வரி பட்டுச் சேலைக்கு மேல் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு அருச்சனைத் தட்டோடு வந்தா. விஜயரத்தினம் முந்திக்கொண்டு போய்ச் சாவியைத் துவாரத்தில் வைத்தார். உள்ளே போகவில்லை. அவருக்கு வந்த சந்தோசத்தை மறைக்கப் பெரிய பாடு பட்டார்.

"கடவுளே. பூட்டு இறுகிப்போச்சப்பா."

"இறுகிப்போச்சோ?"

"கல்லு மாதிரி."

"கேத்தில் தண்ணியைக் கொஞ்சம் ஊத்துவமே?"

"விசரே உமக்கு? சுடுதண்ணி பட்டாக் கண்ணாடி வெடிச்சுப்போம். நோர்வேயில ஒருத்தன் இப்பிடித்தான் ஊத்தினவன்."

"சாவியைச் சூடாக்கிப் பாப்பமே?"

"சாவி வளைஞ்சுபோம்."

"தலைமயிர் காய்விக்கிற மிசின்?"

"ஈரத்துக்குள்ள கரண்டோ? பொங்கலண்டைக்குத் தாலியோட விளையாடுறீர்."

"மற்றப் பக்கக் கதவைப் பாத்தனீங்களோ?"

"பாத்தாச்சு."

"பாத்தாச்சோ?"

"பாத்தாச்சப்பா, அதுவும் இதைப் போலத்தான்."

அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. தன் கையால் மூன்று செம்பு வார்த்ததைப் போய் வேறு பார்க்க வேண்டுமா? நகுலேஸ்வரி அவருடைய முகத்தை ஒரு கணம் பார்த்தா. "அப்ப சரி" என்றா.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு முனியாண்டி வந்து சேர்ந்தார். கோலாலம்பூர்க்காரர், படிக்க வந்து இங்கேயே கணக்காளராகத் தங்கிவிட்டவர். கேட்காமலே உதவி செய்கிற நல்ல மனுசன். அப்படியான ஆட்களால்தான் உலகத்தில் பாதித் திட்டங்கள் கெட்டுப் போகின்றன. கையில் ஒரு ஸ்பிறே தகரம் வைத்திருந்தார்.

"என்னண்ணே, கார் தொறக்கலியா? நகருங்க, ஒரு அடி அடிச்சா போதும்லா. ரெண்டே நிமிஷம்."

விஜயரத்தினம் பூட்டுக்குக் குறுக்கே போய் நின்றார்.

"வேண்டாம் முனியாண்டி. உதுக்குள்ள இருக்கிற மருந்து பெயின்றை அரிச்சுப்போடும்."

"நான் மூணு வருஷமா அடிக்கிறேனே, ஒண்ணும் ஆகலையே?"

"உங்கட கார் வேற. இது ஜப்பான் பெயின்ற். நோர்வேயில இதைத் தொடவே மாட்டினம்."

முனியாண்டி தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஜப்பானைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அண்ணைக்குத் தெரியாத குளிரே தம்பி, விடுங்கோ" என்றா நகுலேஸ்வரி. "என்னை உங்கட காரில கொண்டுபோய் ஸ்ரேசனில விடுவீங்களோ?"

"அதுக்கென்னக்கா, வாங்க."

"நீங்கள் பஸ்ஸுக்குப் போங்கோ என்ன" என்று புருசனுக்குச் சொன்னா. "நேரத்தோட வெளிக்கிடுங்கோ. தலைவர் பிந்தக் கூடாது."

அருச்சனைத் தட்டு, நகுலேஸ்வரி, முனியாண்டி, முனியாண்டியின் ஸ்பிறே, நாலும் ஒரே காரில் ஏறிப் போயின. விஜயரத்தினம் கை காட்டி அனுப்பினார். அவருக்கு உண்மையாகவே கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. பாவம், நல்ல மனுசி, ஒரு கேள்வி கேட்காமல் நம்பிப் போகிறா. திரும்பி வரும்போது ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். தலைவரின் மனைவி என்றால் நாலு நல்ல சேலை வேண்டும்தானே.

ஆறுதலாகப் பொங்கல் சாப்பிட்டார். பட்டு வேட்டி கட்டி, அதற்கு மேல் கோட்டுப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் ஏற்புரையை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். ஒன்பதே முக்காலுக்கு ஸ்பிறே எடுக்கப் போனார்.

ஸ்பிறே எங்கே இருக்கும்? வைக்கிற இடத்தில்தான் இருக்கும். வைக்கிற இடம் எது? காருக்குள், முன்சீற்றுக்கு முன்னால் இருக்கிற, கதவு கழன்ற சின்னப் பெட்டிக்குள். குளிர் காலத்தில் உடனே கைக்கு எட்ட வேண்டும் என்று அவரே பார்த்துப் பார்த்து வைத்தது. விஜயரத்தினம் காரின் கண்ணாடியில் பனியைச் சுரண்டி மூக்கை வைத்து உள்ளே பார்த்தார். தகரத்தின் நீல மூடி தெரிந்தது. அறப்படிச்ச பல்லி கூழ்ப்பானைக்குள் விழுந்ததாம் என்று ஊரில் சொல்வார்கள். பல்லிக்காவது கூழ் கிடைத்தது.

முனியாண்டி வீட்டு மணியை அடித்தார். அவருடைய மனைவி நீலவேணி கதவைத் திறந்தா.

"அந்த ஸ்பிறே ஒருக்காத் தாங்கோ தங்கச்சி."

"அது அவர் கார்லயே எடுத்துட்டுப் போயிட்டாருண்ணே. இன்னும் வரல. ஆனா உங்க பெயிண்டுக்கு அது ஆகாதுன்னு சொன்னாரே?"

"ஓம் ஓம். சும்மா, தகரத்தில என்ன எழுதியிருக்கு எண்டு பாக்க."

பத்து மணி. சாவியை அடுப்பில் பிடித்தார். விரல் சுட்டது, சாவியின் கறுப்புத் தலை இளகி வீட்டின் மணம் மாறியது. ஓடிவந்து துவாரத்தில் வைத்தார். அரை அங்குலம் போய் நின்றது. பத்தேகால். கண்ணாடி வெடிக்கும் என்று சொன்ன வாய் மூடியிருக்க, கை கேத்திலைத் தூக்கி ஊற்றியது. கண்ணாடி வெடிக்கவில்லை. தண்ணீர் கதவு வழியே ஓடி நிலத்தில் விழுந்து, அவர் இரண்டாவது கேத்திலோடு வருவதற்குள் கண்ணாடிபோல் உறைந்து நின்றது. அதில் கால் வைத்தார். பட்டு வேட்டி, கோட்டு, கேத்தில், வருங்காலத் தலைவர், எல்லாம் ஒன்றாக நிலத்தில் இருந்தன. எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி யன்னலைத் திறந்து, அம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டா. வேண்டாம், இது எங்கள் பண்டிகை என்று சொல்லிச் சமாளித்தார்.

பத்தரை. வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்துத் தலைமயிர் காய்விக்கிற மிசினைப் பூட்டுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது ஒரு டாக்ஸி எடுத்தாலும் போய்ச் சேரலாம். மனம் கேட்கவில்லை. கார் எங்கே அண்ணை என்று நாலு பேர் கேட்பான்கள். இன்னும் ஐந்து நிமிடம், உருகிவிடும். இன்னும் ஐந்து நிமிடம். பத்து ஐம்பதுக்குச் சங்கச் செயலாளர் றஜீவன் போன் எடுத்தார்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"வந்துகொண்டிருக்கிறன் தம்பி. கிட்ட வந்திட்டன்."

"பின்னால ஏதோ இரையுது?"

"அது கார்ச் சத்தம்."

"கெதியா வாங்கோ. யாப்பில நேரில எண்டு நீங்கள்தான் எழுதி வைச்சனீங்கள். லெஸ்டர்காரர் நேற்றே வந்து ஆரோ வீட்டில தங்கி, இண்டைக்கு எட்டு மணிக்கே முன்வரிசையில இருக்கிறார்."

விஜயரத்தினத்துக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. மிசினை இன்னும் கிட்டப் பிடித்தார். அது ஒருதரம் இருமிவிட்டு நின்றது. பியூஸ் போய்விட்டது. வீட்டுக்குள் ஓடிப் பியூஸ் தேடினார், கிடைக்கவில்லை, டாக்ஸிக்கு அடித்தார், இருபது நிமிடமாகும் என்றான். வாசற்படியில் குந்தினார். ஒன்பது வருடம் அவருடைய கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்து, தங்களுக்கு நன்றியுரை சொல்லச் சொல்லிக் கேட்டன. மனுசனுக்கு அழுகை வந்தேவிட்டது.

பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தது. நகுலேஸ்வரி. பின்னால் கைதட்டுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. கோயிலில் ஏன் கைதட்டுகிறார்கள்?

"என்னப்பா, எங்க நிக்கிறியள்?"

"வீட்டிலதான். நீர் எங்க?"

"மண்டபத்தில."

"கோயிலுக்கெல்லே போனீர்?"

"போற வழியில முனியாண்டித் தம்பியைக் கொண்டு இஞ்சாலை திருப்பினனான். நீங்கள் என்ன செய்யப்போறியள் எண்டு ஒருக்காப் பாக்க வேணும்போல கிடந்தது. பதினொண்டாச்சு, உங்களைக் காணேல்ல. லெஸ்டர்காரர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினார். குட்மேய்ஸுக்கு வந்த கதிரையை லெஸ்டருக்கு விடலாமோ? எங்கட வடைக்காரப் பெண்டுகள் அவ்வளவு பேரும் என்னைப் போட்டிக்குப் பிடிச்சு நிப்பாட்டிப் போட்டுக் கையைத் தூக்கினவளவை. எண்ணி முடிஞ்சுது."

"முடிஞ்சு?"

"முடிஞ்சு என்ன, நான்தான்."

ஒன்பது வருடம் ஒத்திகை பார்த்த ஏற்புரை தொண்டைக்குள்ளேயே உறைந்து கிடந்தது.

"கார் திறக்கேல்லயப்பா" என்றார் கடைசியில். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"மற்றப் பக்கக் கதவு திறக்குமே."

"என்ன?"

"நீங்கள் செம்பால பருக்கினதைக் குசினிக்குள்ள நிண்டு பாத்தனான். நீங்கள் தேவாரம் படிக்கேக்க, அந்தப் பக்கத்தைத் துடைச்சு, கைக்குப் பூசுற சனிற்றைசரைத் துவாரத்துக்குள்ள விட்டு, ரப்பருக்கு வாசிலின் பூசி, மேல டேப் ஒட்டினனான். காலமை அதாலதான் ஏறுவம் எண்டு இருந்தனான்."

"அப்ப ஏனப்பா சொல்லேல்ல?"

"கேட்டனான். பாத்தாச்சு எண்டு சொன்னீங்கள். புருசன் சொன்னா நம்ப வேணும்தானே."

போனை வைத்துவிட்டு விஜயரத்தினம் காரைச் சுற்றி மற்றப் பக்கம் போனார். துவாரத்தின் மேல் ஊருக்குப் பொதி கட்டுகிற மண்ணிற டேப் ஒரு துண்டு. உரித்தார். தலை இளகிய சாவி வெண்ணெய்க்குள் போவதுபோல் போனது. கதவு திறந்தது. நீல மூடித் தகரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டுகிற பக்கக் கதவு உள்ளிருந்து தள்ளியும் அசையவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்து, கியர்த் தடியைத் தாண்டி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி ஓட்டுகிற சீற்றில் விழுந்தார். ஒன்பது வருட யோகாசனத்துக்கு அது சமம்.

பார்க்கிங் மண்டபத்துக்கு அவர் போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி. தெரு முழுக்கக் கார். வாசலுக்கு நேரே ஒரு இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நடுவில் செம்மஞ்சள் கூம்பு, கூம்பில் ஒரு கடதாசி, கடதாசியில் "தலைவரின் வாகனம்". விஜயரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெருவில் காரை விடப் போனார். றஜீவன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"எங்க அண்ணை போறியள்? இது உங்களுக்கெண்டு பிடிச்சு வைச்ச இடம். இதிலயே விடுங்கோ."

றஜீவன் கூம்பைத் தூக்கி வழிவிட்டார். வாசலில் நின்ற சனம் விலகிப் பார்த்தது. என்ன இருந்தாலும் ஒன்பது வருடச் சேவையை மறக்கவில்லை, பெடியள். விஜயரத்தினத்தின் கண் கலங்கிவிட்டது. கோட்டை இழுத்துச் சரி செய்து, தலையை நிமிர்த்தி, காரைக் கச்சிதமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். இஞ்சினை நிறுத்தக் கை வைத்தார்.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை, இறங்கவும் வேண்டாம்" என்றார் றஜீவன். "தலைவருக்குக் கோயிலுக்கு நேரம் போகுதாம்."